நாலாவது நிமிஷத்து அன்னப்பறவை

"படம் நின்னுபோகுது தாயி," என்றார் அழகுமலை.

குருவம்மாள் புருவத்தை உயர்த்தினாள். எங்கே என்று அர்த்தம்.

"நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டுல. நூறு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். சொல்லிவச்ச மாதிரி அங்கதான் நிக்குது."

அழகுமலைக்கு வயது ஐம்பத்திரண்டு. மதுரையில் இருபத்தாறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். எடுத்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பதும் அவரேதான்.

குருவம்மாளுக்கு முப்பத்தொன்று. ஒரு காம்ப்ளக்ஸ் மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். உள்ளே போகிற யாரும் குனிந்துதான் போக வேண்டும். அதனாலேயே பாதிப் பேருக்கு அவளிடம் பக்தி வந்துவிடும்.

மீதிப் பேருக்கு, அவள் பேசாததால் வந்தது.

அவள் மௌனசாமி ஒன்றும் இல்லை. கழற்றிய ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொள்கிற பழக்கம், அவ்வளவுதான். மேசையில் வைத்தால் உருண்டு ஓடிவிடும், கிண்ணத்தில் போட்டால் எந்தப் பெட்டிக்கு எது என்று மறந்துவிடும். நாளைக்குப் பத்துப் பெட்டி பிரிக்கிறவளுக்குப் பேச வாய் ஏது? ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பினாள் என்றால் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். அப்போது கடையில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

அவளுடைய சைகைகளுக்கு உரை சொல்லவும் ஓர் ஆள் இருந்தார். எதிர்க்கடை ஜெராக்ஸ் பீர்முகமது. அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தானாகவே குனிந்து உள்ளே வந்து பொருள் சொல்வார். இதுவரை ஒரு பொருளும் சரியாக இருந்ததில்லை. அதற்காக அவர் நிறுத்தினவரும் இல்லை.

அழகுமலை தன் கம்ப்யூட்டரை மேசையில் வைத்தார். ஏதோ ஒரு ஆபீஸ் ஏலத்தில் எடுத்த பழைய சின்னப் பெட்டி. இரண்டு டெலிபோன் டைரக்டரியை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் அந்த அளவு.

பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பிறந்த குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்தார்.

"கிராபிக்ஸ் கார்டு. மூணு காத்தாடி. இத உள்ள மாட்டிட்டா படம் பறக்கும்னு கடைக்காரன் சொன்னான்."

குருவம்மாள் கார்டை வாங்கினாள். கம்ப்யூட்டர்மேல் வைத்தாள். கார்டு பெட்டிக்கு வெளியே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

அழகுமலை அதைப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"பெட்டிய வெட்டிரலாமா?"

குருவம்மாள் மேசைமேல் கிடந்த தகரக் கத்தரியை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"மாப்ள," என்றார் பீர்முகமது, "பெட்டி வேற பெருசா வாங்குங்கிறாங்க."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள்: *பாதி உயரம். ஒரு காத்தாடி. தனியாகக் கரண்ட் வயர் கேட்காதது.*

"மாத்திக் குடுப்பானா தெரியலையே. ரெண்டு நாள் ஆகும்பான். எனக்கு வெள்ளிக்கிழம வேணும் தாயி. இன்னைக்குத் திங்க ஆயிருச்சு."

அவள் ஸ்க்ரூக்களைத் துப்பினாள்.

"என்னண்ணே அவசரம்?"

அழகுமலை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பஸ் டிரைவர் பிச்சைமணின்னு ஒருத்தரு. போன மாசம் அவரு மக சிவரஞ்சனிக்குக் கல்யாணம். நாந்தான் வீடியோ. கல்யாணம் முடிஞ்சு பதினெட்டாம் நாளு, டூட்டிக்குக் கெளம்பி செருப்பு மாட்டக் குனிஞ்ச மனுசன் நிமிரல. வெள்ளிக்கிழம காரியம்."

குருவம்மாள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ள தெனம் போன் பண்ணுது. அவரு போட்டோவுக்கே நிக்க மாட்டாராம். போன்ல பேசினாலும் 'சரி, வையி'. அவ்வளவுதானாம். 'எங்கப்பா பேசி எங்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே, உங்க வீடியோவுலதான் இருப்பாரு'ங்குது. அந்தப் பாழாப்போன நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு எதுனு நெனைக்கிற? சரியா அவரு வர்ற எடம்."

அவர் குரல் தாழ்ந்தது.

"எம் பொண்டாட்டி பவளக்கொடி சொல்றா, அவருதான் நிறுத்துறாராம்."

குருவம்மாள் சீட்டை அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானமே அழகுமலை திரும்பி வந்தார். முகத்தில் தோற்றவர் களை.

"கையில காலுல விழுந்து சின்னக் கார்டு மாத்திட்டு வந்துட்டேன். நானே மாட்டிட்டேன். அளவு அச்சா பொருந்துது. ஆனா கார்டு வந்ததே மிஷினுக்குத் தெரியல. மருமக வந்து நிக்கிறா, மாமியா ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்குறா."

குருவம்மாள் பெட்டியைத் திறந்தாள். கார்டை மெல்ல உருவினாள். கார்டின் அடியில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள் இருக்கும். கம்ப்யூட்டரோடு கார்டு பேசுவது அந்தப் பற்கள் வழியாகத்தான்.

பற்களில் மூன்று இடத்தில் சந்தனம் அப்பியிருந்தது. ஒவ்வொரு சந்தனத்தின் நடுவிலும் குங்குமம்.

அவள் மோந்து பார்த்தாள். பிறகு அழகுமலையைப் பார்த்தாள்.

"புதுச் சாமான் தாயி. சாமி கும்புடாம எப்படி மாட்டுறது? பவளக்கொடிதான் வச்சா. கண்ட எடத்துல வைக்கல. தங்கமா இருக்குற எடமாப் பாத்து வச்சா."

அவள் ஸ்க்ரூக்களைத் துப்பினாள்.

"எலுமிச்சம்பழம்?"

"வைக்காமயா? மிஷினுக்குத்தான் சக்கரம் இல்லையே. நாக்காலிக்குச் சக்கரம் இருக்கு. அதுக்கு அடியில வச்சு, நான் ஒக்காந்து உருட்டி நசுக்கினேன்."

குருவம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஸ்க்ரூ தொண்டைக்குள் போயிருக்கும் என்பதால் அவளுக்குச் சிரிப்பை அடக்கிப் பழக்கம். வாயில் ஸ்க்ரூ இல்லாதபோதும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

ஒரு தகர டப்பாவைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை அழிரப்பர் ஒன்றை எடுத்தாள். அழகுமலை முன்னால் வைத்தாள்.

அழகுமலைக்கு விளங்கவில்லை.

பீர்முகமதுக்கு விளங்கிவிட்டது. "அழிச்சிருங்கிறாங்க மாப்ள! உள்ள இருக்குற எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து ஆரம்பிக்கணும். ஃபார்மட்!"

அழகுமலை பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார். "பாய், முழுக் கல்யாணமும் அதுக்குள்ளதான்யா இருக்கு!"

குருவம்மாள் அழிரப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கையைப் பிடித்து, தங்கப் பற்களின்மேல் வைத்து, மேலும் கீழும் தேய்த்தாள். சந்தனமும் குங்குமமும் ரப்பர்த் தூளோடு சுருண்டு சுருண்டு விழுந்தன.

கார்டைத் திரும்ப மாட்டினாள். தன் கடை மானிட்டரில் வயரைச் செருகி சுவிட்சைப் போட்டாள். காத்தாடி சுற்றியது. புதுக் கார்டின் பெயர் திரையில் வந்தது.

அழகுமலை கையெடுத்துக் கும்பிட்டார். கார்டையா, குருவம்மாளையா என்று தெரியவில்லை. அவள் அழிரப்பரை ஊதித் துடைத்து டப்பாவுக்குள் வைத்தாள்.

புதன்கிழமை காலையில் வந்தார்.

"வீட்டுல திரை இருட்டா இருக்கு. காத்தாடி ஓடுது, லைட்டு எரியுது, படம் வரல."

அவள் தன் மானிட்டரில் மாட்டினாள். படம் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனார். இருட்டு. திரும்பக் கொண்டுவந்தார். படம் வந்தது. கொண்டுபோனார். இருட்டு. ஆட்டோக்காரர் மூன்றாவது சவாரியில், "அண்ணே, பெட்டிக்குள்ள என்ன, சாமி சிலையா?" என்று கேட்டார்.

"வாஸ்து," என்றார் பீர்முகமது. "வீட்டுல அது எந்தத் திக்கப் பாக்குது?"

"தெக்க."

"அங்கதான் கோளாறு. வடக்க திருப்பு."

"திருப்பியாச்சு. மேக்கயும் திருப்பியாச்சு. கெழக்க திருப்பினா செவுரு இடிக்குது."

குருவம்மாள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை அழகுமலை பக்கம் திருப்பினாள். வயரை அவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் எப்படியோ அப்படி என்று சைகை காட்டினாள்.

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்தப் பெட்டியை ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து வயர் எந்த ஓட்டையில் இருந்ததோ, கை நேரே அங்கே போய்ச் செருகியது. அவிழ்த்துவிட்ட மாடு தன் தொழுவத்துக்குப் போவது மாதிரிதான் போனது.

புதுக் கார்டுக்குத் தனி ஓட்டை. இனிமேல் படம் அதன் வழியாகத்தான் வரும். அது ஒரு சாண் தள்ளி, கன்னி கழியாமல் பளபளவென்று இருந்தது.

குருவம்மாள் வயரை உருவிப் புது ஓட்டையில் செருகினாள். பிறகு தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். பழைய ஓட்டையின்மேல் ஒட்டினாள்.

அழகுமலை குழம்பிப்போனார். "பொட்டு வச்சதாலதான நேத்து கோளாறுன்ன?"

அவள் ஸ்க்ரூக்களைத் துப்பினாள்.

"எங்க வைக்கணுங்கிறது ஒண்ணு இருக்குல்லண்ணே."

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. பீர்முகமது இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "சரியாயிருச்சு போல," என்றார். சரியானதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அழகுமலை வந்தார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தவர் குனிய மறந்து மாடிப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"நிக்குது தாயி."

நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தடவக்கூட இல்லை.

"திரை வருது. முதல் நாலு நிமிஷம் வெண்ணெய் மாதிரி ஓடுது. அப்புறம் அதே எடம். அதே பன்னெண்டு செகண்டு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் காரியம். சொந்தக்காரங்க எல்லாம் வந்து எறங்கியாச்சாம். அந்தப் பிள்ள மத்தியானம் போன் பண்ணுச்சு, நான் எடுக்கல. இந்த இருபத்தாறு வருஷத்துல நான் போன எடுக்காம இருந்ததில்ல தாயி."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. துண்டால் முகம் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

குருவம்மாள் கம்ப்யூட்டரை மாட்டினாள். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓட்டுங்கள் என்று கையசைத்தாள்.

இந்த நாலு நாளில் அவள் படத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மணப்பெண் வந்தாள். அவள்மேல் ரோஜா இதழ் மழையாகப் பெய்தது. மாப்பிள்ளை வந்தார். அவர் பின்னால் எங்கிருந்தோ ஓர் அருவி விழுந்தது. தாலி கட்டும்போது இருபது இதயங்கள் மிதந்து மேலே போயின. பாட்டு நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது.

நாலு நிமிஷம் பத்து. மண்டபத்துச் சாப்பாட்டு அறை வாசலில் வெள்ளைச் சட்டையோடு யாரோ ஒருவர் திரும்புவது தெரிந்தது.

நாலு நிமிஷம் பன்னிரண்டு. இடது பக்கத்திலிருந்து ஒரு பெரிய வெள்ளை அன்னப்பறவை நீந்தி வந்தது. கீழே தாமரை விரிந்தது. இரண்டு புறாக்கள் பறந்தன. மேலேயிருந்து ஒரு ஜோதி இறங்கியது. எல்லாம் அப்படியே நின்றன.

குருவம்மாள் ஸ்க்ரூக்களைத் துப்பினாள்.

"இது என்னண்ணே?"

"அன்னம். இது நம்ம ஸ்டுடியோ ஸ்பெஷல். மத்தவங்களுக்கு ஒரு அன்னம்தான் போடுவேன். இவரு தவறிட்டாருன்னு கேட்டதும் மனசு ஆறல. தாமரை, புறா, ஜோதி, வானத்துல நட்சத்திரம்னு ஒவ்வொண்ணாச் சேத்தேன். மொத்தம் நாப்பத்தேழு அயிட்டம். ஒண்ணுமேல ஒண்ணா ஏத்தி வச்சிருக்கேன். எந்தக் கல்யாணத்துக்கும் நான் இவ்வளவு போட்டதில்ல."

"அவரு எங்க?"

அழகுமலை திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"அன்னத்துக்குப் பின்னால."

குருவம்மாள் தகர டப்பாவைத் திறந்தாள். அழிரப்பரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"திரும்பியும் கார்டையா?" அழகுமலை பதறினார். "இந்தத் தடவ எதுவும் வைக்கல தாயி. பவளக்கொடிய மிஷின் பக்கத்துலயே விடல, சத்தியமா!" சொல்லிக்கொண்டே பெட்டி மூடியைக் கழற்றப் போனார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் தாடையில் ஒரு விரலை வைத்து, முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினாள்.

அழகுமலை திரையைப் பார்த்தார். அழிரப்பரைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார்.

அவருக்குக் கோபம் வந்தது.

"வெறும் படமாவா குடுக்கச் சொல்ற? செத்த மனுசனுக்கு ஒரு மரியாத வேணாமா? ஊருல நாலு பேரு என்ன சொல்லுவான்? அழகுமலை வெறும் படத்தக் குடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுவானா மாட்டானா?"

குருவம்மாள் ஸ்க்ரூக்களைத் திரும்ப உதட்டில் கவ்விக்கொண்டு, வேறொரு பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

சுவரில் கடிகாரம் நாலே கால் காட்டியது. கோபப்படுவதற்குக்கூட நேரம் இல்லை.

முதலில் நட்சத்திரங்களை எடுத்தார். போனால் போகட்டும், பகலில் கல்யாணம், நட்சத்திரம் எதற்கு? ஓட்டிப் பார்த்தார். நின்றது.

புறாக்களை எடுத்தார். நின்றது.

ஜோதியை எடுத்தார். ஒரு செகண்ட் கூடுதலாக ஓடி நின்றது.

தாமரையை எடுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தாமரை விரிவதற்கு ஒரு வாரம் உழைத்திருந்தார்.

மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய், அன்னம் மட்டும் மிச்சம். அதன்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எத்தனை பெண்களைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைத்த அன்னம்!

அழித்தார்.

"பாட்டு மட்டும் இருக்கட்டும் தாயி."

குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள்.

பாட்டையும் எடுத்தார்.

படத்தை ஓடவிட்டார். சாப்பாட்டு அறை இரைச்சல் கேட்டது. தட்டுச் சத்தம், பந்திக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம். வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பினார். கேமராவைப் பார்த்து நேராக நடந்து வந்தார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. வியர்த்து, முடி கலைந்து, தோளில் துண்டு பாதி நழுவி, கண்ணெல்லாம் தூக்கம்.

"ஏப்பா, காலையிலருந்து நிக்கிற. சாப்ட்டியா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து அழகுமலையின் குரலே பதில் சொன்னது. "இருக்கட்டும்ண்ணே. போட்டோ எடுக்குறது முடியட்டும்."

"அது சாயங்காலம் வரைக்கும் முடியாதுய்யா. அந்தப் பெட்டிய அங்கிட்டு வச்சிட்டு வா. வட சூடா இருக்கு. கல்யாணம் எங்கயும் ஓடிறாது."

நாலு நிமிஷம் பதினைந்து. இருபது. முப்பது. படம் நிற்கவில்லை. புதுக் கார்டின் காத்தாடிக்குச் சுற்ற வேண்டிய வேலைகூட வரவில்லை.

அழகுமலை அழிரப்பரைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அவரே எல போட்டாரு தாயி. ரெண்டு வட வச்சாரு. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் கேமராவ மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தாரு." அவர் திரையைக் காட்டினார். "நான் இதுமேல பாட்டப் போட்டு மூடிட்டேன்."

பீர்முகமது தொண்டையைச் செருமினார். "மாப்ள, இதுல குரு என்ன சொல்றாங்கன்னா..."

குருவம்மாள் தன் வாயிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்தாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். அவரிடம் நீட்டினாள்.

பீர்முகமது அதை வாங்கினார். கொஞ்சம் யோசித்தார். வாயில் வைத்துக்கொண்டார்.

அழகுமலையின் போன் அடித்தது.

"அண்ணே, சிவரஞ்சனி பேசுறேன். மத்தியானம் எடுக்கலையே நீங்க. ரெடியாண்ணே?"

அழகுமலை மௌஸைப் பிடித்தார். படத்தை நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்டுக்குத் திருப்பினார். போனைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தார்.

"...காலையிலருந்து நிக்கிற. சாப்ட்டியா?"

படத்தை நிறுத்தினார்.

போன் கட்டாகிவிட்டதோ என்று அழகுமலை அதைக் காதில் வைத்தார்.

"இன்னும் சாப்பிடலப்பா," என்றது போன்.